ஊதா மஞ்சளான கதை

பதிவு எழுதி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. லேப்ல ஆணி ஜாஸ்தி. அதுக்கு மேல ஒஷாவா குளிர் வேற. காலையில சிம்கோ தெருவுல பஸ்ஸுக்கு நிக்கும்போது தோணுறதை எல்லாம் ராத்திரி எழுதணும்னு நினைப்பேன். வீட்டுக்கு வந்தா ஒரு ரசம் வைக்கிறதுக்கே தெம்பு இருக்காது. போன ஞாயித்துக்கிழமை அப்பா போன்ல அந்தக் கேள்வியைக் கேக்காம இருந்திருந்தா இந்தப் பதிவும் வந்திருக்காது.

"தம்பி, நீ அங்க ஃப்ரீ ராடிக்கல் பத்தித்தானே படிக்க? ஒரு கேப்ஸ்யூல் வாங்கியிருக்கேன். டப்பா ரெண்டாயிரத்து நானூறு ரூவா. ஆன்டி-ஆக்ஸிடன்ட்டாம். தாத்தாவுக்கு வந்தது நமக்கு வராதுங்காங்க. சரிதானா?"

தாத்தாவுக்கு வந்தது ஸ்ட்ரோக். 2006 தீபாவளி முடிஞ்ச வாரம். நான் அப்ப ரெண்டாங்கிளாஸ். தாத்தா கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப்பிள்ளையா இருந்தவர். முத்து முத்தா எழுதுவார். அன்னைக்குக் காலையில காபி டம்ளர் கையை விட்டு நழுவிச்சு. அதுக்கப்புறம் வலது கை எழும்பவே இல்லை. பேச்சு குழறிப் போச்சு. நாலு வருஷம் கட்டில். பென்ஷன் பேப்பர்ல இடது கையால கையெழுத்துப் போட்டுப் பழகினார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து அவரே முகத்தைத் திருப்பிக்குவார்.

அதனால அப்பா கேட்டது சும்மா கேட்ட கேள்வி இல்லைன்னு எனக்குத் தெரியும். அவருக்கு இப்ப அறுபத்திரண்டு வயசு.

"அந்த டப்பா கூட வந்த நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா"ன்னேன். வந்துச்சு. பச்சைக் கலர்ல ஒரு முருங்கை இலை. பக்கத்துல ஒரு பார் கிராஃப். கீழே 'டிபிபிஹெச் முறையில் 92 சதவீதம்'னு போட்டிருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலை. ஏன்னா அதே மாதிரி ஒரு கிராஃபை நான் வரைஞ்சிருக்கேன். அதே முருங்கை. என் கிராஃப்ல 88.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

காலேஜ் கடைசி வருஷ ப்ராஜக்ட். எங்க டிபார்ட்மெண்ட்ல இருந்ததுலயே விலை உயர்ந்த சாமான் ஒரு நிறமானி. ஃப்ரீ ராடிக்கலை நேரா பார்க்கணும்னா இபிஆர் மெஷின் வேணும், அதுக்கு ஐஐடி மெட்ராஸுக்கு சாம்பிள் அனுப்பணும், கட்டணம், காத்திருப்பு, அப்படின்னு சார் சொன்னார். அதனால நாங்க எல்லாரும் செஞ்சது டிபிபிஹெச். கருநீலப் பொடி. மெத்தனால்ல ஒரு சிட்டிகை போட்டா கத்திரிப்பூ ஊதா. அதுல இலைச்சாறை விட்டு இருட்டுல அரை மணி நேரம் வைக்கணும். ஊதா மெல்ல மெல்ல வெளிறி மஞ்சளாகும். 517 நானோமீட்டர்ல அளந்து, எத்தனை சதவீதம் ஊதா போச்சுன்னு கணக்குப் போட்டா அதுதான் உங்க ஆன்டி-ஆக்ஸிடன்ட் சக்தி. அவ்வளவுதான் சோதனை. ஒரு நாள் சும்மா ஹாஸ்டல் டீயை ஊத்திப் பார்த்தோம். முருங்கையை விட வேகமா மஞ்சளாச்சு. அதை ரிப்போர்ட்ல எழுதலை. ஹிஹி.

ஆனா வேற ஒண்ணு எழுதினேன். "இவ்விலைச்சாறு பக்கவாதம், புற்றுநோய் போன்ற நோய்களைத் தடுக்க வல்லது." முன்னாடி பேட்ச் அண்ணன் ரிப்போர்ட்ல இருந்து அப்படியே எடுத்தது. அவர் யாரோடதுல இருந்து எடுத்தாரோ. அந்த வரி அங்க இன்னும் பைண்டிங் போட்டு இருக்கும்.

அந்த ஊதாப் பொடிக்கும் தாத்தாவோட வலது கைக்கும் என்ன தொடர்புன்னு இந்த வாரம் பூரா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். தொடர்பு இருக்கு. ஆனா நோட்டீஸ்ல போட்டிருக்கிற மாதிரி நேர்க்கோடு இல்லை. நூத்தி இருபது வருஷக் கதை. அதுல பாதிக்கு மேல நான் இப்ப இருக்கிற இந்த ஒண்டாரியோவைச் சுத்தியே நடந்திருக்கு. அதைச் சொல்றேன், கொஞ்சம் பொறுமையா வாங்க.

1900-ல் ஆரம்பிக்கணும். இங்கிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே போய் எல்லை தாண்டினால் டெட்ராய்ட், அதற்கு அடுத்து ஆன் ஆர்பர். அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க் என்று ஒரு வேதியியலாளர். இன்றைய உக்ரைனில் பிறந்தவர். 1884-ல் குடும்பத்தோடு சிகாகோவுக்குத் தப்பி வந்து இறைச்சிக் கிடங்குகளில் கூலி வேலை பார்த்துப் படித்தவர். அவர் செய்ய நினைத்தது ஹெக்ஸாஃபீனைல்ஈத்தேன் என்ற ஒரு சாதுவான சேர்மம். கிடைத்தது வேறு. மஞ்சள் நிறக் கரைசல். காற்றுப் பட்டால் நிறம் போய் பெராக்சைடு ஆகிவிடுகிறது. கார்பனுக்கு நாலு கை என்பது அன்றைக்கு வேதம். கோம்பெர்க் சொன்னார், இதில் கார்பனுக்கு மூணு கைதான் இருக்கிறது என்று. ட்ரைஃபீனைல்மெத்தில். முதல் ஃப்ரீ ராடிக்கல். நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'தனி உறுப்பு' என்று படித்தோமே, அது. கட்டுரையின் முடிவில், இந்தத் துறையை எனக்கே விட்டுவையுங்கள் என்கிற மாதிரி ஒரு வேண்டுகோளும் வைத்தார் மனுஷன். யாரும் விட்டுவைக்கவில்லை.

அடுத்த பெரிய ஆதாரம் 1929-ல் பெர்லினில். ஒஷாவாக்காரனா எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நின்னு சொல்றேன்.

ஒஷாவான்னா கார். மெக்லாஃப்ளின் குடும்பம் குதிரை வண்டி செஞ்சுக்கிட்டிருந்த ஊர். 1907-ல கார் கம்பெனி, 1918-ல அது ஜெனரல் மோட்டார்ஸ் ஆஃப் கனடா ஆச்சு. இந்த ஊர்ல யார் வீட்டுக்குப் போனாலும் தாத்தா ஜிஎம்ல வேலை பார்த்தவரா இருப்பார். அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வகத்தில்தான், ஒஹாயோ மாநிலம் டேட்டனில், 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் பெட்ரோலில் டெட்ராஎத்தில் லெட் கலந்தால் இன்ஜின் தட்டாது என்று கண்டுபிடித்தார். அப்புறம் எழுபது வருஷம் உலகம் பூரா ஈயத்தை மூச்சில் இழுத்தது. கனடாவில் 1990 டிசம்பரில் சாலை வண்டிகளுக்கு ஈய பெட்ரோல் தடை. இந்தியாவில் 2000-ல் நின்றது.

பெர்லினில் ஃப்ரீட்ரிக் பானெத், ஹோஃபெடிட்ஸ் இருவரும் அந்தச் சேர்மத்தின் பங்காளியான டெட்ராமெத்தில் லெட்டை எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடி மாதிரி ஒரு குவார்ட்ஸ் குழாய். அதன் வழியே வேகமாக ஹைட்ரஜன் வாயு, கூடவே கொஞ்சம் டெட்ராமெத்தில் லெட் ஆவி. குழாயின் ஓரிடத்தில் சூடு பண்ணினால் ஈயம் பிரிந்து உள்சுவரில் பளபளவென்று ஒரு கண்ணாடிப்பூச்சு படியும். இப்போது சூடு பண்ணும் இடத்தைச் சற்றுப் பின்னால், வாயு வரும் பக்கம் நகர்த்தினார்கள். அங்கே புதுப் பூச்சு படிந்தது. முன்னால் இருந்த பழைய பூச்சு மெல்லக் கரைந்து மறைந்தது! பிரிந்த மெத்தில் துண்டு ஏதோ ஒன்று குழாயில் ஓடி வந்து பழைய ஈயத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஓடுகிற தூரத்தையும் வேகத்தையும் வைத்து அதன் ஆயுளைக் கணக்கிட்டார்கள். வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு. ஆளைப் பார்க்கவே முடியாது, ஆனால் அவன் தின்ற பூச்சைப் பார்க்கலாம். ஃப்ரீ ராடிக்கலுக்கு மனிதன் வைத்த முதல் பொறி அந்த ஈயப் பூச்சு என்று நான் சொல்வேன். பானெத் யூத வம்சாவளியினர். 1933-ல் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து போனார்.

நடுவில் 1922-ல் கோல்ட்ஷ்மிட், ரென் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் நம்ம டிபிபிஹெச்சைச் செய்துவிட்டார்கள். இதுவும் ஒரு ஃப்ரீ ராடிக்கல்தான். ஆனால் சோம்பேறி ராடிக்கல். ஒற்றை எலக்ட்ரான் மூலக்கூறு முழுக்கப் பரவி இருப்பதால் வருஷக்கணக்கில் புட்டியில் சும்மா கிடக்கும். யாராவது ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு மஞ்சளாகும். 1958-ல் ப்ளாய்ஸ் என்பவர் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார், இதை வைத்து ஆன்டி-ஆக்ஸிடன்ட்டை அளக்கலாமே என்று. அந்தச் சின்னக் கட்டுரையில இருந்துதான் எங்க காலேஜ் ப்ராஜக்ட்டு, அப்பாவோட நோட்டீஸு, எல்லாமே. இப்ப இங்க லேப்ல இபிஆர் மெஷின் சரியா காட்டுதான்னு பார்க்க அதே கருநீலப் பொடியைத்தான் உள்ளே வைக்கிறேன். பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருக்கும்.

உடம்புக்குள்ள ஃப்ரீ ராடிக்கல் இருக்குன்னு எப்ப நினைக்க ஆரம்பிச்சாங்க? 1954-ல ரெபெக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினாப் பெண் விஞ்ஞானி, அதிக ஆக்சிஜனால் வரும் நஞ்சும் எக்ஸ்ரே கதிரால் வரும் சேதமும் ஒரே வழியில்தான் நடக்கின்றன, இரண்டுக்கும் காரணம் ஃப்ரீ ராடிக்கல் என்றார். ஒஷாவாவுக்குக் கிழக்கே பக்கத்துலயே டார்லிங்டன் அணுமின் நிலையம். கதிர் தண்ணீரை உடைத்து ஹைட்ராக்ஸில் ராடிக்கல் உண்டாக்குவது அங்கே அன்றாடக் கவலை. (நான் வாடகைக்கு இருக்கிற வீட்டு டிராயர்ல அயோடின் மாத்திரைப் பட்டை ஒண்ணு கிடக்கு. 2015-ல இந்தப் பக்கம் அணுநிலையத்தைச் சுத்தி 10 கிலோமீட்டருக்குள்ள வீடு வீடா கொடுத்தாங்க. அதுக்கும் ஃப்ரீ ராடிக்கலுக்கும் சம்பந்தமில்லை. அது தைராய்டுக்கு.) 1956-ல் டென்ஹாம் ஹார்மன், நாம் கிழவராவதே இந்த ராடிக்கல்களால்தான் என்று எழுதினார். 1969-ல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் இருவரும் சூப்பர்ஆக்சைடு என்ற ராடிக்கலை அழிப்பதற்கென்றே நம் உடம்பில் ஒரு என்சைம் இருப்பதைக் காட்டினார்கள். போலீஸ் ஸ்டேஷன் இருந்தா ஊர்ல திருடனும் இருக்கணும்ல.

சரி, திருடனைக் காட்டு என்றால்? அங்கேதான் சிக்கல்.

ஒற்றை எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். 1944-ல் ருஷ்யாவில் கஸான் நகரில் ஸவோய்ஸ்கி கண்டுபிடித்த முறை, காந்தப் புலத்தில் வைத்து மைக்ரோவேவ் காட்டினால் அந்தக் குட்டிக் காந்தம் அதை உறிஞ்சும். அதுதான் இபிஆர். ஒட்டாவாவில் கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க், இவரும் நாஜி ஜெர்மனியிலிருந்து 1935-ல் தப்பி வந்தவர்தான், நிறமாலையில் மெத்தில், மெத்திலீன் ராடிக்கல்களைப் படம் பிடித்து 1971-ல் நோபல் வாங்கினார். ஆனால் இதெல்லாம் வாயுவுக்கும் குளிர வைத்த திடப்பொருளுக்கும் சரி. ஈரமான உயிருள்ள செல்லுக்குள் ஒரு ஹைட்ராக்ஸில் ராடிக்கல் வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான் உயிரோடு இருக்கும். மெஷினை ஆன் பண்ணுறதுக்குள்ள காலி.

இதற்கு வந்த விடைதான் ஸ்பின் ட்ராப். தமிழில் சுழற்சிப் பொறி என்று சொல்லலாம், ஆனா எனக்கு வாயில வரலை, ட்ராப்புன்னே வச்சுக்குவோம்.

திருவிழாக் கூட்டத்துல பிக்பாக்கெட் அடிக்கிறவனை நினைச்சுக்கோங்க. ராடிக்கல் ஒருத்தன் பையில இருந்து எலக்ட்ரானை உருவுறான். பறிகொடுத்தவன் சும்மா இருக்க மாட்டான், அவன் பக்கத்துல நிக்கிறவன் பையில கை வைக்கிறான். அவன் அடுத்தவன்கிட்ட. சங்கிலித் திருட்டு. இப்ப கூட்டத்துக்குள்ள ஒரு விசித்திரமான ஆளை அனுப்புறோம். அவனைத் திருடன் தொட்டா அப்படியே ஒட்டிக்குவான். ஒட்டின ரெண்டு பேரும் அடுத்தவனைத் தொடாம அங்கேயே நிப்பாங்க. சாவகாசமா போய் சட்டையைப் பார்த்து யார் திருடன்னு எழுதிக்கலாம். அந்த விசித்திர ஆளின் பெயர் நைட்ரோன். அதன் கார்பனில் ராடிக்கல் ஒட்டியதும் நைட்ராக்சைடு என்ற நீண்ட ஆயுள் ராடிக்கலாக மாறிவிடும். இபிஆர் கோடுகள் எத்தனையாய், எவ்வளவு இடைவெளியில் பிரிகின்றன என்பதை வைத்து ஒட்டியது யார் என்று சொல்லலாம்.

1967, 68 வாக்கில் இந்த யோசனை ஒரே நேரத்தில் பல ஊர்களில் முளைத்தது. ஜப்பானில் இவாமுரா, இனமோட்டோ. லண்டனில் பெர்கின்ஸ் குழு. ஸ்வீடனில் லாகர்கிரான்ட்ஸ். நெதர்லாந்தில் மாக்கோர். அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஜான்சன், கூட ப்ளாக்பர்ன். பெயர் நின்றது ஜான்சனுக்கு. அவர்கள் பயன்படுத்தியது பிபிஎன் என்ற வெள்ளைப் பொடி. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, கதையோட ஹீரோவும் வில்லனும் இதுதான். (ஒரு வேடிக்கை: கோம்பெர்க்கின் மஞ்சள் கரைசலில் இரண்டு ராடிக்கல்கள் உண்மையில் எப்படி ஜோடி சேர்ந்திருக்கின்றன என்பதும் அதே 1968-ல்தான் சரியாகப் புரிந்தது. அதுவரை பெரும்பாலானவர்கள் தப்பான படத்தை வரைந்துகொண்டிருந்தார்கள்.)

பிற்பாடு ஜான்சன் ஒண்டாரியோவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். டொராண்டோவுக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து காரில் ரெண்டு மணி நேரத்துக்குள்ள. இன்னும் மேற்கே, லண்டன் என்று இங்கேயும் ஒரு ஊர் உண்டு, அங்கே வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஹார்பர், சௌ, போல்டன் மூவரும் 1974-ல் டிஎம்பிஓ என்ற இன்னொரு நைட்ரோனை வைத்து ஹைட்ராக்ஸிலையும் சூப்பர்ஆக்சைடின் அமில வடிவத்தையும் தண்ணீரில் பிடித்தார்கள். அடுத்த வருஷம் ஹார்பரும் போல்டனும் பசலைக்கீரையின் பசுங்கணிகத்தில் சூப்பர்ஆக்சைடைக் காட்டினார்கள். கீரை ராடிக்கலைத் தடுக்கும்னு நோட்டீஸ் அடிக்கிறோம். ட்ராப் வச்சுப் பார்த்தா வெயில்ல நிக்கிற கீரை தானே ராடிக்கல் தயாரிச்சுக்கிட்டிருக்கு.

நான் தினமும் முழிக்கிறது இந்த டிஎம்பிஓவோடதான். ஹைட்ராக்ஸில் ஒட்டினால் நாலு கோடு வரும், உயரம் ஒண்ணு-ரெண்டு-ரெண்டு-ஒண்ணு. கோபுரம் மாதிரி அழகா இருக்கும். முதல் தடவை அந்த நாலு கோடு ஸ்க்ரீன்ல எழுந்தப்ப கத்திட்டேன். என் ப்ரொஃபசர் எட்டிப் பார்த்துட்டு, "அது நிஜமா ஹைட்ராக்ஸில்தான்னு எப்படித் தெரியும்?"னு கேட்டுட்டுப் போயிட்டார். அவ்வ்வ்.

ஏன்னா பொய்ச்சாட்சி. சூப்பர்ஆக்சைடு ஒட்டிய டிஎம்பிஓ ஒரு நிமிஷம்போல நிற்கும், பிறகு சிதைந்து ஹைட்ராக்ஸில் ஒட்டியது போல வேஷம் கட்டும். ராடிக்கலே இல்லாமல், இரும்பு அயனி இருந்தால் தண்ணீரே ட்ராப்போடு சேர்ந்து அதே நாலு கோட்டைக் கொடுக்கும். பொறியில் எலி இருக்கிறது என்பது சரி, எந்த வழியாக வந்தது என்று சொல்ல ஏழெட்டுக் கன்ட்ரோல் வேண்டும். எழுபதுகளின் கடைசியிலிருந்து இந்தத் துறையில் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான்.

ஆனாலும் ட்ராப் சில பெரிய வழக்குகளைத் தீர்த்திருக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலை ஏன் கெடுக்கிறது என்பது ஒன்று. ஒரு காலத்தில் துணி வெளுக்கவும் தீயணைக்கவும் பயன்படுத்திய திரவம். உடலுக்குள் அது உடைந்து ட்ரைகுளோரோமெத்தில் ராடிக்கல் ஆகிறது என்று சந்தேகம் இருந்தது. 1978-ல் ஒக்லஹோமாவின் பாயர், ஃப்ளாய்ட், மெக்கே ஆகியோர் ஜான்சனோடு சேர்ந்து பிபிஎன் வைத்து அதைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் உயிருள்ள எலியின் கல்லீரலிலேயே பிடிபட்டது. நம்மூர்ல கீழாநெல்லி மேல வர்ற ஆராய்ச்சிகள்ல எலிக்குக் கல்லீரலைக் கெடுக்கக் கொடுப்பது பெரும்பாலும் இதே டெட்ராகுளோரைடுதான். எங்க பக்கத்து டிபார்ட்மெண்ட்ல கூண்டுக் கணக்குல எலி இருந்துச்சு, ஏன் இந்த விஷம்னு அப்ப நான் கேட்டதே இல்லை.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது.

எலிக்குள் பிபிஎன் செலுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு எண்ணம் வந்தது. ராடிக்கலைப் பிடிக்கிற பொருள் என்றால், பிடிப்பதோடு சேதத்தையும் தடுக்குமே? துப்பறிகிற ஆளே மருந்தாகலாமே? மூளையில் ரத்தக் குழாய் அடைபட்டுத் திறக்கும்போது ராடிக்கல்கள் பெருகுகின்றன. ஒக்லஹோமாவின் ஃப்ளாய்டும் கென்டக்கியின் கார்னியும் ஜெர்பில் என்ற பாலைவன எலிகளுக்கு ஸ்ட்ரோக் உண்டாக்கி பிபிஎன் கொடுத்தார்கள். பிழைத்தன. 1991-ல் இன்னும் ஆச்சரியம்: கிழட்டு ஜெர்பில்களுக்குத் தொடர்ந்து கொடுத்ததில் அவற்றின் ஞாபகசக்தியே திரும்பியது என்று அறிவித்தார்கள். உடனே கம்பெனிகள் வந்தன. பிபிஎன்னோடு இரண்டு சல்ஃபோனேட்டுகளைச் சேர்த்துத் தண்ணீரில் நன்றாகக் கரையும்படி செய்து என்எக்ஸ்ஒய்-059 என்று பெயர் வைத்தார்கள். அஸ்ட்ராஜெனெகா கையில் எடுத்தது.

1,722 ஸ்ட்ரோக் நோயாளிகள். முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஊசி வழியே ஆரம்பித்து 72 மணி நேரம். 2006 பிப்ரவரியில் முடிவு வெளியானது. மூன்று மாதம் கழித்து நோயாளிகளின் ஊனம் குறைந்திருந்தது. ரொம்பக் கொஞ்சம், ஆனால் குறைந்திருந்தது. புள்ளியியல் கணக்கில் 0.038, அதாவது கோட்டை மயிரிழையில் தாண்டிவிட்டது. நரம்பியல் குறைபாட்டு அளவீட்டில் மட்டும் ஒரு முன்னேற்றமும் இல்லை. பரவாயில்லை, மூளையையே காப்பாற்றும் மருந்து வந்துவிட்டது என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது சோதனைக்குக் காத்திருந்தார்கள். இதில் 3,306 பேர். கட்டுரையின் முதல் பெயர் அஷ்ஃபாக் ஷுஐப், கனடாவில் எட்மன்டனில் இருக்கும் ஆல்பர்டா பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர். 2006 அக்டோபர் கடைசி வாரம் கம்பெனி அறிவித்தது: ஒன்றுமில்லை. சர்க்கரைத் தண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. 0.33. மருந்தைக் கைவிட்டார்கள்.

2006 அக்டோபர் கடைசி வாரம். தேதியைப் படிச்சதும் லைப்ரரியில உக்காந்திருந்தவன் எழுந்து வெளியே போயிட்டேன். அந்த வாரம்தான் கோவில்பட்டியில இருந்து தாத்தாவை வாடகைக் கார்ல மதுரைக்குக் கொண்டுபோனாங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை அப்பல்லாம் மூணு மணி நேரத்துக்குள்ள போடணும்னு இருந்தது. நாங்க போய்ச் சேர்ந்தது மறுநாள்.

ஏன் தோற்றது? எல்லாரும் எலிச் சோதனைகளைத் திரும்பக் கிளறினார்கள். 2008-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சங்கடமான ஒன்றைக் காட்டியது. எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் நீர் என்று சோதிப்பவருக்கே தெரிந்திருந்த ஆய்வுகளில் பலன் பெரிதாகவும், தெரியாமல் மறைத்துச் செய்தவற்றில் சிறிதாகவும் இருந்தது. பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, பிபிஎன் எலிக்கு உதவிய அளவுகளில் அது ராடிக்கலைப் பிடித்ததால்தான் உதவியது என்று சொல்லவே முடியாது, அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தணித்திருக்கலாம் என்று ஃப்ளாய்டே பிறகு எழுதினார். அதே மூலக்கூறை ஓகேஎன்-007 என்று பெயர் மாற்றி மூளைக் கட்டிக்குச் சோதித்தார்கள். எல்லாக் கதவும் மூடிவிடவில்லை என்பதையும் சொல்லணும். எடராவோன் என்ற ராடிக்கல் எதிர்ப்பு மருந்தை ஜப்பான் 2001-லேயே ஸ்ட்ரோக்குக்கு அனுமதித்தது. 2018-ல் கனடா அதை ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கு அனுமதித்தது.

நம்மாளுங்க யாரும் இந்தக் கதையில இல்லையான்னு கேக்காதீங்க. 1997-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்திலிருந்து வந்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் முருகேசன், தேவசகாயம், சுப்பிரமணியன் என்று வரிசையாகப் பெயர்கள். உயிருள்ள எலிக்குள் ஒரு நிலையான ராடிக்கலைச் செலுத்தி, இபிஆரை ஸ்கேன் மாதிரி படம் எடுக்கும் வேலை. சுப்பிரமணியன் ஐஐடி மெட்ராஸில் இருந்தவர், முருகேசன் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அந்த மாதிரிப் படம் எடுக்கப் பயன்படும் ட்ரைட்டில் ராடிக்கல்கள் வேறெதுவும் இல்லை, ஆன் ஆர்பர்ல கோம்பெர்க் தப்பாச் செஞ்ச அந்த மஞ்சள் சமாச்சாரத்தோட பேரப்பிள்ளைகள்.

ஞாயித்துக்கிழமை போன்ல அப்பாகிட்ட இவ்வளவும் சொல்ல முடியுமா? சொன்னா "அப்போ சாப்பிடலாமா வேண்டாமா"ன்னு திரும்பக் கேப்பார். அதனால இன்னொரு ஆய்வைத் தேடினேன். அதுவும் ஒண்டாரியோதான். ஹாமில்டனில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், கேரளாக்காரர் சலீம் யூசுஃப் தலைமை. ஹோப் என்று பெயர். 2000 ஜனவரியில் வெளிவந்தது. இதய நோய், ஸ்ட்ரோக் வரும் ஆபத்து அதிகம் உள்ள, 55 வயதுக்கு மேற்பட்ட ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரே ஆட்களிடம் இரண்டு கேள்விகள். ராமிப்ரில் என்ற பிபி மாத்திரை உதவுமா? வைட்டமின் இ என்ற ஆன்டி-ஆக்ஸிடன்ட் உதவுமா? நாலரை, அஞ்சு வருஷம் பின்தொடர்ந்தார்கள். ராமிப்ரில் எடுத்தவர்களில் 3.4 சதவீதம் பேருக்கு ஸ்ட்ரோக், எடுக்காதவர்களில் 4.9. வைட்டமின் இ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். வைட்டமின் இயை டிபிபிஹெச்ல போட்டுப் பாருங்க, ஊதா சும்மா பறந்து போகும். டியூபுக்குள்ள மெத்தனாலும் பொடியும்தான் இருக்கு. ரத்தக்குழாய் இல்லை, கல்லீரல் இல்லை, அறுபத்திரண்டு வயசு இல்லை. அமெரிக்க விவசாயத் துறை உணவுகளின் ஆன்டி-ஆக்ஸிடன்ட் அளவுன்னு ஒரு பட்டியல் வச்சிருந்தது. டியூப்ல வர்ற எண்ணை வச்சு வியாபாரம் பண்றாங்கன்னு 2012-ல அதை எடுத்துட்டாங்க.

புதன்கிழமை திரும்பப் போன் பண்ணினேன். ஹோப் பத்திச் சொன்னேன். அப்பா பொறுமையாக் கேட்டார். அப்புறம் ஒரு சந்தேகம் வந்து கேட்டேன்.

"உங்க பிபி மாத்திரை ஒழுங்கா போடுறீங்கல்லப்பா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அம்மா பின்னாடி இருந்து ஏதோ சொல்றது கேட்டது.

"அது தீந்து ரெண்டு மாசம் ஆச்சு. இது இயற்கை மருந்துல்லா, ரெண்டும் சேந்து எதுக்குன்னு விட்டுட்டேன்."

நான் கத்தினேன். அப்பாகிட்ட அப்படிக் கத்தினது வாழ்க்கையிலயே முதல் தடவை. பிறகு அந்த ப்ராஜக்ட் ரிப்போர்ட்டைப் பத்திச் சொன்னேன். அந்த நோட்டீஸ்ல இருக்கிற வரி மாதிரியே நானும் எழுதினேன், காசு வாங்காம எழுதினேன், அதான் வித்தியாசம்னு. "நீ படிக்கப் பயலா இருந்த, அதுக்கென்ன"ன்னார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு.

மறுநாள் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தார். 164/98. பழைய மாத்திரையோட கூட ஒண்ணு எழுதியிருக்காராம். நேத்து ராத்திரி வாட்ஸப்ல ஒரு போட்டோ வந்தது. மாத்திரைப் பட்டையில ரெண்டு குழி காலியா இருந்தது. பின்னால மேசை மேல அந்தப் பச்சை டப்பாவும் நின்னுச்சு.

"இதையும் முடிச்சிரட்டுமா? காசு குடுத்தாச்சுல்லா" அப்படின்னு கீழே எழுதியிருந்தார். டாக்டர்கிட்ட அந்த டப்பாவைக் காட்டினீங்களான்னு கேட்டிருக்கேன். ரெண்டு டிக் நீலமாயிடுச்சு, பதில் இன்னும் வரலை.